காலையில் புளிக்கும் இலை

என் நாத்தனாருக்கு எங்கள் தொழிற்சாலையில் 'எதுக்கு அக்கா' என்று பெயர். யார் வைத்தார்களோ தெரியாது, கச்சிதமாக வைத்திருக்கிறார்கள். டீக்காரர் ஒரு நாள் டம்ளரை மாற்றினால் "எதுக்கு மாத்தினீங்க?" என்பார். புது டம்ளரில் டீ சீக்கிரம் ஆறினால் அதற்கும் ஓர் எதுக்கு உண்டு. காய்ச்சலில் கிடப்பவளைப் பார்க்க வந்தால் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்பதுதானே முறை? இவர் என் கட்டிலருகே வந்து, "உடம்பு இப்படிக் கொதிக்குதே, அப்புறம் எதுக்குடி குளிருது?" என்று கேட்டார். எனக்கு நூற்று இரண்டு டிகிரி. போர்வைக்குள்ளிருந்தே திட்டினேன்.

நான் அவரை அண்ணி என்று கூப்பிடுவேன். என் வீட்டுக்காரரின் அக்கா. அவர் குடும்பம் கீழ் வீட்டில், நாங்கள் மேல் வீட்டில், நடுவில் பதினாறு படி. அவருடைய கணவர் லாரி மெக்கானிக். ஒரு நாளைக்கு அவர் பேசுகிற வார்த்தைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். அண்ணி கேட்கிற அத்தனை கேள்விக்கும் அவரிடம் ஒரே பதில்தான்: "இருக்கும்." மகள் வெளியூரில் நர்சிங் படிக்கிறாள். தினமும் போனில் அம்மாவிடமிருந்து பாடத்தில் இல்லாத கேள்விகள் வருவதால் அவள்தான் வகுப்பில் முதல் என்று ஒரு பேச்சு உண்டு.

அண்ணி படித்தது எட்டாவது வரை. அப்பாவுக்கு அடிக்கடி வேலை மாற்றல் வந்ததில், ஐந்தாவது பள்ளிக்கூடத்தோடு படிப்பு நின்றுபோயிற்று. அந்தக் கோபமோ என்னவோ, கையில் கிடைத்ததையெல்லாம் பிரித்துப் பார்ப்பார், நாக்கில் வைத்துப் பார்ப்பார். தொழிற்சாலையில் சேர்ந்த புதிதில், கத்தி பிடிக்கிற வலது கையின் உறை மட்டும் ஏன் முதலில் கிழிகிறது, வெட்டுப்படுவது இடது கைதானே என்று ஒரு மாதம் எல்லோரையும் பிடுங்கி எடுத்திருக்கிறார். கடைசியில் கத்திப்பிடியில் ஓர் ஆணித்தலை துருத்திக்கொண்டிருப்பதைக் கண்டுபிடித்து, தானே அரம் வைத்துத் தேய்த்தார். அதற்குப் பிறகு கையுறைச் செலவு பாதியாகிவிட்டதாம். அதைப் பார்த்துத்தான் முதலாளி அவரைக் கூடத்துக்குத் தலைவி ஆக்கினார்.

தொழிற்சாலை என்றால் கற்றாழைத் தொழிற்சாலை. தோட்டத்திலிருந்து இலை வரும். அடியை வெட்டி, கூடைகளில் நிமிர்த்தி வைத்து மஞ்சள் பாலை வடியவிட வேண்டும். பிறகு கழுவி, இரண்டு பக்க முள்ளையும் சீவி, தோலுக்கடியில் கத்தியை நுழைத்து ஒரே இழுப்பில் உரித்தால், கண்ணாடித் துண்டு மாதிரி உள்ளே இருக்கிற சதை வழுக்கிக்கொண்டு வரும். அதற்குச் சோறு என்று பெயர். அதை அலசி, அரைத்து, வடிகட்டி, சூடாக்கி, டிரம்மில் அடைத்துக் கப்பலேற்றுவோம். அண்ணியின் கூடத்தில் இருபத்து மூன்று பெண்கள் உரிக்கிறார்கள். எடைக்குத் தகுந்த கூலி. நான் மாடி அறையில் உட்கார்ந்து ஏற்றுமதிக் காகிதங்கள் தயார் செய்கிறவள். இந்த வேலையை எனக்கு முதலாளியிடம் பேசி வாங்கிக் கொடுத்ததே அண்ணிதான். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், பின்னால் சொன்னால் வாய் வராது.

முதலாளிக்கு ஏற்றுமதி என்றால் உயிர். வருகிற போகிறவர்களிடமெல்லாம் ஒரே பிரசங்கம்தான்.

"முன்னாடி நாம இலையா அனுப்பிச்சோம். அவன் அதை அரைச்சு, கலர் பாட்டில்ல ஊத்தி, நமக்கே பத்து மடங்கு விலைக்கு வித்தான். இலையா அனுப்புற வரைக்கும் இந்த நாடு கூலிக்கார நாடு. சோறா அனுப்பினாத்தான் வியாபாரி."

மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஏற்றுமதி வளர்ச்சி அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி வருவார். நாட்டின் முதல் ஐம்பது ஏற்றுமதிப் பொருட்கள் என்று அவர் கொடுத்த பட்டியலில் கற்றாழைச் சோறு நாற்பத்தேழாவது இடம். முதலாளி அதைச் சட்டம் போட்டு மாட்டி, நாற்பத்தேழைச் சிவப்பு மையால் வட்டமிட்டு வைத்திருந்தார். அண்ணி அதைப் பார்த்துவிட்டு, "நாப்பத்தெட்டாவது என்ன சார்?" என்று கேட்டார். குதிரைச் சேணம். அதற்கப்புறம் இரண்டு நாள் குதிரையைப் பற்றியே பேச்சு.

இப்போது என் பெருமையைச் சொல்ல வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு சொல்கிறேன்.

எங்கள் தோட்டத்தில் இலை வெட்டுவது எப்போதும் விடியலில்தான். வெயில் ஏறுவதற்குள் வெட்டி முடித்துவிடுவார்கள். ஆனால் அந்த நேரத்தில் இலையெல்லாம் பனியில் நனைந்திருக்கும், மண் அப்பிக்கொள்ளும், எவ்வளவு கழுவினாலும் கிருமி எண்ணிக்கை கூடிவிடும். போன வருஷம் அதனாலேயே ஒரு சரக்குத் திரும்பி வந்தது. நான் காகிதங்களைப் புரட்டிப் பார்த்து ஒரு யோசனை சொன்னேன். மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் வெட்டினால் இலை காய்ந்திருக்கும், மண் உதிர்ந்துவிடும், குளிர்பதன வண்டியும் சாயங்காலம்தான் வருகிறது, எல்லாம் ஒத்துப்போகும். முதலாளிக்கு ஒரே சந்தோஷம். லேப் மேடம் கிருமியை எண்ணிப் பார்த்துவிட்டு, பத்தில் ஒன்றாகக் குறைந்துவிட்டது என்றார். எல்லோர் முன்னாலும் என்னை நிற்கவைத்துக் கைதட்டினார்கள். எனக்குச் சக்கரம் வைத்த நாற்காலி வந்தது, சம்பளம் கொஞ்சம் ஏறியது, அடுத்த மாதம் வேலையை நிரந்தரமாக்குவதாகப் பேச்சும் வந்தது. நான் தரையில் நடக்கவில்லை. நாற்காலியை உருட்டிக்கொண்டே போனேன்.

மூன்று மாதம் கழித்து, ஒரு புதன்கிழமை, கடல் கடந்து ஒரு கடிதம் வந்தது. நாங்கள் அனுப்பிய இரண்டு சரக்குகளையும் வாங்குகிறவர்கள் நிராகரித்துவிட்டார்கள். கப்பல் போய்ச்சேர ஒரு மாதம் ஆகுமல்லவா, முதல் சரக்கின் முடிவு தெரிவதற்குள் இரண்டாவதும் கடலில் இருந்தது. கிருமி குறைவு, பாராட்டுகள். கெட்டித்தன்மை சரி. ஆனால் மாலிக் அமிலம் இருக்க வேண்டியதில் பாதி கூட இல்லை. அசல் கற்றாழையில் அந்த அமிலம் இருக்கும், தண்ணீரில் இருக்காது, அதனால் அதை வைத்துத்தான் அசலா போலியா என்று பார்ப்பார்களாம். 'தண்ணீர் கலந்து, அது தெரியாமலிருக்க ஏதோ மாவும் சேர்த்திருப்பதாகச் சந்தேகிக்கிறோம். விளக்கம் என்ன, பொறுப்பானவர் யார், எடுத்த நடவடிக்கை என்ன, பத்து நாளில் எழுத்தில் தரவும். இல்லையேல் ஒப்பந்தம் ரத்து.' முதலாளிக்கு அதை நான்தான் படித்துச் சொன்னேன்.

முதலாளி அண்ணியைக் கூப்பிட்டனுப்பினார். தண்ணீர்க் குழாயின் சாவி அண்ணியின் இடுப்பில்தான் தொங்கும். எடைக்குக் கூலி என்பதால், தண்ணீர் கலந்தால் யாருக்கு லாபம் என்று கணக்குப் போட்டுப் பார்க்க அதிக நேரம் ஆகாது.

"நீங்க செஞ்சீங்கன்னு சொல்லலக்கா. உங்க கீழ யாரோ செஞ்சிருக்காங்க. பேரைச் சொல்லுங்க, விட்டுடுறேன்."

"யாரும் செய்யலையே சார்."

"அப்போ பேப்பர் பொய் சொல்லுதா?"

"பேப்பர் பொய் சொல்லாது. எங்க பொண்ணுங்களும் பொய் சொல்லல. நடுவுல வேற என்னமோ இருக்கு."

"அடுத்த வெள்ளிக்கிழமைக்குள்ள அது என்னன்னு கொண்டாங்க. இல்லன்னா பொறுப்பு உங்களோடது. எனக்கு வேற வழி இல்ல."

அண்ணி போனதும் முதலாளி என் பக்கம் திரும்பினார். பதில் கடிதத்தை இப்போதே தயார் செய்து வைக்கச் சொன்னார். தோல் உரிக்கும் கூடத்தின் தலைவி கலப்படத்துக்குப் பொறுப்பாக்கப்பட்டு வேலையிலிருந்து நீக்கப்பட்டார் என்று ஒரு பத்தி. அண்ணியின் பெயரோடு. வெள்ளிக்கிழமை வரை அனுப்ப வேண்டாம், டிராயரில் இருக்கட்டும் என்றார். நான் அடித்தேன். ஒரு எழுத்துப் பிழை கூட இல்லாமல் அடித்தேன். டிராயரில் வைத்துப் பூட்டினேன். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.

அன்று சாயங்காலம் இருவரும் சேர்ந்துதான் நடந்து வந்தோம். அண்ணி ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் பேசாமல் நடப்பது எனக்குப் புதிது. பஸ் நிழற்குடை தாண்டியதும் திடீரென்று நின்றார்.

"மாலிக் அமிலம்னா என்னடி?"

"ஆப்பிள்ல புளிப்பு இருக்குல்ல அண்ணி, அதுதானாம்."

"அப்போ அது இருந்தா புளிக்கணும்."

"புளிக்கும்தான்."

"நாக்குக்குத் தெரியணுமே." மறுபடி நடக்கத் தொடங்கினார். "ஏண்டி, நான் தினம் ஒரு துண்டு வாயில போட்டுப் பார்ப்பேன். முன்னாடியெல்லாம் புளிக்கும். இப்ப கொஞ்ச நாளா சப்புன்னு இருக்கு. வயசாகி நாக்கு செத்துப்போச்சுன்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும் வந்தது. வேலை போகப்போகிற மனுஷி, தன் நாக்கு பிழைத்துக்கொண்டது என்று நடுத்தெருவில் நின்று சிரித்தார்.

எங்கள் மொட்டை மாடியில் பழைய பெயின்ட் வாளிகளில் எட்டுக் கற்றாழைகள் இருக்கின்றன. தோட்டத்தில் பிடுங்கி எறிந்த கன்றுகளை அண்ணி கொண்டுவந்து வைத்தது. ஞாயிற்றுக்கிழமை விடியும்போது வந்து கதவைத் தட்டினார். கையில் தட்டு, தட்டில் ஒரு துண்டு சோறு, நன்றாகக் கழுவியது. பல்கூடத் தேய்க்காமல் வாயில் போட்டேன். முகத்தைச் சுளிக்கவைக்கிற புளிப்பு. உச்சி வெயிலில் அதே செடியிலிருந்து இன்னொரு இலை. புளிப்பு குறைந்திருந்தது. நான்கு மணிக்கு மூன்றாவது. அப்போது காலையில் வெட்டிக் குளிர்பெட்டியில் வைத்திருந்த துண்டையும் பக்கத்தில் வைத்து, என் வீட்டுக்காரரின் கண்ணைத் துணியால் கட்டி உட்காரவைத்தார்.

"என்னக்கா, என்னை வச்சுப் பரிசோதனையா? நான் என்ன எலியா?"

"எலி இவ்வளவு பேசாதுடா. வாயைத் திற."

அவர் இரண்டையும் மென்று, "முதல் துண்டு புளிப்பு. ரெண்டாவது வெறும் தண்ணி" என்றார்.

தண்ணி என்ற வார்த்தை காதில் விழுந்ததும் அண்ணி என்னைப் பார்த்தார். நானும் அந்த நான்கு மணித் துண்டை வாயில் வைத்திருந்தேன். அப்போதுதான் எனக்கு உறைத்தது. இரண்டு மணிக்கு மேல் வெட்டு. அது என் யோசனை. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது, துண்டு அப்படியே தொண்டைக்குள் வழுக்கிப் போயிற்று.

"உனக்கும் சப்புன்னுதான் இருக்கா?"

"ஆமா அண்ணி."

அவ்வளவுதான் கேட்டார். தட்டை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டார்.

நானாக இருந்தால் அதோடு விட்டிருப்பேன். அவருக்கு அது போதவில்லை. நேரமாவதால் புளிப்பு போகிறதா, வெயிலால் போகிறதா என்று தெரிய வேண்டுமாம். திங்கட்கிழமை விடிவதற்கு முன்னால் ஒரு வாளிச் செடியின் மேல் கறுப்புத் தொட்டியைக் கவிழ்த்து, காற்றில் நகராமலிருக்க மேலே செங்கல் வைத்துவிட்டு வேலைக்கு வந்தார். சாயங்காலம் திறந்து வெட்டினால், காலையில் இருந்த புளிப்பு அப்படியே இருந்தது. பக்கத்தில் வெயில் குடித்த செடி சப்பென்று கிடந்தது. மெக்கானிக் அண்ணனிடமும் ஒரு துண்டைக் கொடுத்து, "வெயில்தான் புளிப்பைத் தின்னுது, இல்ல?" என்று கேட்டார். அவர் மென்று பார்த்துவிட்டு, "இருக்கும்" என்றார்.

செவ்வாய்க்கிழமை என்னையும் கூட்டிக்கொண்டு போய் லேப் மேடம் முன்னால் உட்கார்ந்து அண்ணி எல்லாவற்றையும் சொன்னார். எங்கள் லேப் என்பது ஒரு குளிர்பெட்டி, ஒரு மைக்ராஸ்கோப், இரண்டு அலமாரி. அமிலம் பார்க்கிற இயந்திரம் கிடையாது. லேப் மேடம் பட்டதாரி. கேட்கக் கேட்க அவர் முகம் சுண்டிப்போயிற்று. கடைசியில் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"ஐயோ, அக்கா. இதைப் பரீட்சையில பத்து மார்க்குக்கு எழுதியிருக்கேன்."

"எத்தனை வந்துச்சு?"

"ஒன்பது."

"அப்புறம் எதுக்கும்மா சொல்லல?"

"பரீட்சை முடிஞ்சதும் மறந்துட்டேனே. அந்தக் கேள்வியில இருந்த செடியும் இங்க உரிக்கிற செடியும் ஒண்ணுன்னு எனக்குத் தோணவே இல்லக்கா."

பிறகு விளக்கினார். நான் அதை அப்படியே சொல்கிறேன். இலைக்குத் தோலில் பொடிப்பொடியாக வாய்கள் உண்டு. மற்ற செடிகள் பகலில் வாயைத் திறந்து காற்றை இழுத்து, உடனுக்குடன் வெயிலில் சர்க்கரை செய்துகொள்ளும். ஆனால் வாயைத் திறந்தால் உள்ளே இருக்கிற ஈரமும் வெளியே போய்விடும். வறண்ட நிலத்தில் வளர்கிற செடிக்கு அது கட்டுப்படியாகாது. அதனால் கற்றாழை பகல் முழுக்க வாயை மூடிக்கொண்டு, இரவின் குளுமையில்தான் திறக்கும். இரவில் வெயில் இல்லை, சர்க்கரை செய்ய முடியாது. எனவே இழுத்த காற்றை அமிலமாக்கிச் சேமித்து வைக்கும். விடிந்ததும் வாயை மூடிக்கொண்டு, சேமித்த அமிலத்தை வெயிலில் செலவழிக்கும். சாயங்காலம் ஆவதற்குள் பெரும்பாலும் தீர்ந்துபோகும்.

அண்ணியின் கண்கள் பளபளத்தன.

"பத்தொன்பது வருஷமா உரிக்கிறேன். இதுங்க நைட் ஷிஃப்ட் பார்க்குதுன்னு ஒருத்தர் எங்கிட்டச் சொல்லலையே!" பக்கத்திலிருந்த இலையை எடுத்துத் தடவிப் பார்த்தார். "அந்த வாயைப் பார்க்க முடியுமா?"

லேப் மேடம் மேல்தோலை மெல்லியதாக உரித்து மைக்ராஸ்கோப்பின் கீழ் வைத்துக் காட்டினார். அண்ணி ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார், பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார். பின்னால் நின்ற எனக்கு, தன் வேலையைப் பற்றிய கவலை அவருக்கு அந்த நிமிஷம் சுத்தமாக இல்லை என்று தோன்றியது. பிறகு நிமிர்ந்தார்.

"அப்போ வெட்டுற நேரத்தை மாத்தினதுதான் காரணம்."

லேப் மேடம் என்னைப் பார்த்தார். நான் குளிர்பெட்டியைப் பார்த்தேன்.

"டீ வந்திருக்கும்" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டேன்.

ஆமாம், போய்விட்டேன். புதன், வியாழன் இரண்டு நாளும் அப்படித்தான் திரிந்தேன். அண்ணிக்குத் தெரியும், எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியும் என்பது எனக்கும் தெரியும். அவராக ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அழுது தீர்த்திருப்பேன். கேட்கவில்லை. நானாகச் சொல்ல நாக்கு எழவில்லை. நிரந்தர வேலை, ஏறிய சம்பளம், கைதட்டு எல்லாம் போய்விடுமே என்று பயம். நான் கெட்டவள் இல்லை, பயந்தவள். ஆனால் வேலை போகப்போகிறவருக்கு இரண்டும் ஒன்றுதான். அதுவும் எனக்கு வேலை வாங்கிக் கொடுத்தவருக்கு.

வெள்ளிக்கிழமை முதலாளி அறையில் கூடினோம். ஏற்றுமதி வளர்ச்சி அதிகாரியும் வந்திருந்தார். எங்கள் சரக்குக்குக் கெட்ட பெயர் வந்தால் நாட்டிலிருந்து போகிற எல்லாக் கற்றாழையையும் சந்தேகப்படுவார்கள் என்று அவருக்குக் கவலை. அண்ணி மூன்று கண்ணாடிக் குவளைகளை மேசையில் வரிசையாக வைத்தார். முந்தின நாள் லேப் மேடம் கூடவே நின்று வெட்டிய இலைகளின் சாறு. லேப் மேடம் ஒவ்வொன்றிலும் நிறம் காட்டும் மருந்து ஒரு துளி கலந்து, புளிப்பை முறிக்கிற காரக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டார். புளிப்பு தீர்ந்ததும் சாறு இளஞ்சிவப்பாக மாறும், எத்தனை சொட்டு என்பதுதான் கணக்கு. விடியலில் வெட்டியது இருபத்தொன்பது சொட்டு. மத்தியானம் மூன்று மணிக்கு வெட்டியது பதினொன்று. மூன்று மணிக்கே, ஆனால் விடிவதற்கு முன்பிருந்து மூடி வைத்த செடியில் வெட்டியது இருபத்தேழு.

அதிகாரி நாற்காலியின் நுனிக்கே வந்துவிட்டார். "இன்னொரு தடவை பண்ணுங்க, நானே எண்ணுறேன்" என்றார். எண்ணினார். அவருக்கும் அதேதான் வந்தது.

"தண்ணி?" என்றார் முதலாளி.

"ஒரு சொட்டு இல்ல சார். மாவும் இல்ல. செடி பகல்ல அமிலத்தைச் செலவு பண்ணிடுது. நாம செலவான பிறகு வெட்டியிருக்கோம்" என்றார் லேப் மேடம்.

முதலாளி நீளமாக மூச்சு விட்டார். மூச்சு விட்டு முடிந்ததும் கோபம் வந்தது. "வெட்டுற நேரத்தை மாத்தணும்னு எந்தப் புண்ணியவான் சொன்னது?" சத்தியமாக மறந்துபோயிருந்தார்.

"எல்லாரும் சேர்ந்து ஒத்துக்கிட்டதுதான் சார்" என்றார் அண்ணி. "நானும்தான் கைதட்டினேன்."

அதற்கு மேல் என்னால் உட்கார முடியவில்லை.

"நான் சொன்னது சார். ஞாயித்துக்கிழமையே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. சொல்லாம இருந்துட்டேன்." நிறுத்தியிருக்கலாம். ஆனால் தொடங்கிவிட்டால் வாய் நிற்கிறதா? "அண்ணி பேரைப் போட்டு, வேலையை விட்டு நீக்கியாச்சுன்னு லெட்டர் அடிச்சு டிராயர்ல வச்சிருக்கேன். அதையும் வீட்டுல சொல்லல."

அண்ணி மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தார். "எப்ப அடிச்ச?"

"முதல் நாளே அண்ணி."

"ஒன்பது நாளாவா?"

முதலாளி தொண்டையைச் செருமினார், அந்தக் கடிதத்தை அடிக்கச் சொன்னது தான்தான் என்று முணுமுணுத்தார். பிறகு அதிகாரி, விடியலில் வெட்டினால் பழையபடி பனியும் மண்ணும் கிருமியும் வருமே, அதற்கு என்ன வழி என்று கேட்டார். அண்ணி என்னிடமிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டு பதில் சொன்னார். மூடி வைத்த செடியில் புளிப்பு போகவில்லையல்லவா, அது மாதிரி விடியலில் வெட்டிய இலையையும் வெளிச்சம் படாத கொட்டகையில் நிமிர்த்தி வைத்து, மின்விசிறி போட்டுக் காயவிடலாம். பனி உலரும், மண் உதிரும், புளிப்பு உள்ளேயே இருக்கும். வியாழக்கிழமையே பத்து இலையில் செய்து பார்த்துவிட்டாராம். அதிகாரி அதைத் தன் நோட்டில் எழுதிக்கொண்டு, எல்லாத் தோட்டங்களுக்கும் சொல்ல வேண்டும் என்றார். முதலாளி அந்தப் பழைய கடிதத்தை வரவழைத்து நாலாகக் கிழித்தார். புதிதாக எழுதச் சொல்லி, கூடவே அண்ணியை உட்காரச் சொல்லி எங்கள் இருவரையும் அனுப்பினார். என் நாற்காலியைப் பற்றியோ வேலையைப் பற்றியோ அன்று எதுவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

என் அறையில் அண்ணி ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"மன்னிச்சிடுங்க அண்ணி."

"எனக்குக் கோவம் இருக்குடி. இன்னும் கொஞ்ச நாள் இருக்கும். நீ எழுது."

கடிதம் அவர்கள் மொழியில் போக வேண்டும். ஒவ்வொரு வரியாக நம் மொழியில் சொல்லிக்கொண்டே அடித்தேன். அண்ணிக்குப் பிடித்தது முதலில் வரட்டுமே என்று, இலை இரவில் வாயைத் திறப்பதிலிருந்து ஆரம்பித்தேன். அடுத்த பத்தியில் சொட்டுக் கணக்கு. மூன்றாவதில், வெட்டும் நேரத்தை மாற்றச் சொன்னது நான், தவறு என்னுடையது என்று என் பெயரைப் போட்டேன். ரொம்ப நன்றாக வந்திருக்கிறது என்று எனக்கே ஒரு நினைப்பு.

"யாரும் தண்ணி கலக்கலன்னு எங்க இருக்கு?" என்றார் அண்ணி.

"கடைசிப் பத்தியில வருது அண்ணி. முதல்ல காரணத்தை எல்லாம் சொல்லிட்டு…"

"முதல் வரியில போடு."

திரும்பிப் பார்த்தேன். அவருடைய உதடு துடித்துக்கொண்டிருந்தது. ஒன்பது நாளில் நான் பார்க்காதது அது. இலையையும் வெயிலையும் துரத்திக்கொண்டு அவர் ஓடியதைப் பார்த்துவிட்டு, அவருக்கு வலிக்கவில்லை என்றே நினைத்துவிட்டேன்.

"நான் உரிக்கும்போது எங்க கூடத்துப் பொண்ணுங்களே பின்னாடி நின்னு பார்த்தாங்கடி. ஒவ்வொருத்தியும். கை கழுவக் குழாயைத் திறந்தாக்கூடப் பார்த்தாங்க. மூணு நாள் கை கழுவாமலே சாப்பிட்டேன்."

அடித்ததையெல்லாம் கீழே தள்ளிவிட்டு, மேலே, தனி வரியாக, எங்கள் தொழிற்சாலையில் யாரும் தண்ணீரோ மாவோ கலக்கவில்லை என்று அடித்தேன்.

அண்ணி ஸ்டூலைக் கம்ப்யூட்டர் திரைக்குப் பக்கத்தில் நகர்த்தினார்.

"இதுல 'யாரும்' எது?"

காட்டினேன். அந்த வார்த்தையின் மேல் விரலை வைத்தார். பிறகு முந்தானையால் திரையைத் துடைத்தார்.

"சரி. இப்ப செடியைப் பத்தி எழுது."